நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்

நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம் என்பது கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876 - 1954) இயற்றிய அங்கதச் செய்யுள் நூல் ஆகும். நாஞ்சில் நாட்டு வேளாளரில் ஒரு பிரிவினரிடையே வழங்கிய மருமக்கள் வழிச் சொத்துரிமையையும், அதனால் குடும்பங்களில் எழுந்த பகைமையையும், நீதிமன்ற வழக்குகளையும் இந்நூல் நகைச்சுவையோடு எடுத்துரைக்கின்றது. திருவனந்தபுரத்திலிருந்து வெளிவந்த தமிழன் இதழில் 1917 - 1918 காலப்பகுதியில் தொடராக வந்த இது, 1942 இல் நூலாக வெளியிடப்பட்டது.

நாஞ்சில் நாடு என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய நெல் விளையும் பகுதியாகும். நூல் எழுதப்பட்ட காலத்தில் இப்பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது.

மருமக்கள் வழி

மருமக்கள் வழியில் குடும்பச் சொத்து பெண்வழியாக இறங்கும். ஓர் ஆணின் வாரிசுகள் அவனுடைய மக்கள் அல்லர்; அவனுடைய உடன்பிறந்த சகோதரியின் மக்களே ஆவர். பிரிக்கப்படாத குடும்பத்தின் மூத்த ஆண் காரணவர் எனப்படுவார். சொத்தை நிர்வகிப்பவர் அவரே எனினும் அது அவருக்கு மட்டும் உரியதன்று. இளையவர்களாகிய அனந்தரவர் அனைவருக்கும் அதில் உரிமை உண்டு.

இம்முறை கேரளத்தின் நாயர் சமூகத்திலும் நிலவியது. ஆனால் அங்கு மனைவி பெரும்பாலும் தன் தாய்வீட்டிலேயே வாழ்ந்தாள். மக்களும் தாயின் குடும்பத்தில் வளர்ந்தனர். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மனைவி கணவன் வீட்டிற்கு வந்து வாழ்ந்தாள். எனவே மகன் தந்தையின் வீட்டில் வளர்ந்து, தந்தையின் வயலில் உழைத்தான். அந்த வயலோ அத்தையின் மகனுக்கு உரியதாயிற்று. குடியிருப்பு ஒரு வழியிலும் வாரிசுரிமை மற்றொரு வழியிலும் சென்றமையே சிக்கலின் வேர் ஆகும்.

மனைவி மக்களுக்குச் சொத்தில் ஒரு பகுதியை ஒதுக்கும் உகந்துடைமை என்னும் வழக்கம் இருந்தது. எனினும் அது முழுமையான பங்குரிமைக்கு ஈடாகாது.

உடன்பிறந்தோரிடையே பகைமை

இம்முறையில் பகைமை மூன்று இடங்களில் தோன்றக்கூடியது.

1. அண்ணன் தம்பியரிடையே: காரணவரான அண்ணன் தன் மனைவி மக்களுக்குச் செலவிடும் ஒவ்வொரு காசும் பொதுச் சொத்திலிருந்து எடுத்ததோ எனத் தம்பியர் ஐயுற்றனர்.
2. அண்ணன் தங்கையரிடையே: தங்கையின் மகன் வளர வளர, தன் உரிமைப் பொருளைத் தாய்மாமன் கரைக்கின்றார் என்னும் எண்ணமும் வளர்ந்தது.
3. ஒரு தந்தையின் மக்களிடையே: பல மனைவியர் இருந்த வீட்டில், வெவ்வேறு தாயரின் மக்களுக்குப் பொதுச் சொத்து என எதுவும் இல்லை. தந்தை தம் வாழ்நாளில் கொடுப்பதைப் பெறுவதற்கே அவர்கள் போட்டியிட வேண்டியிருந்தது.

நூலின் அமைப்பு

மான்மியம் என்னும் சொல் பொதுவாக ஒரு தலத்தின் பெருமையைக் கூறும் நூலைக் குறிக்கும். ஒரு குடும்பத்தின் சீரழிவைக் கூறும் நூலுக்கு இப்பெயர் இடப்பட்டமை அங்கதம் ஆகும். புராணங்களைப் போலவே இந்நூலும் படலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. குலமுறை கிளத்து படலம், மாமி அரசியற் படலம், நாகாஸ்திரப் படலம், கருடாஸ்திரப் படலம், கோடேறிக் குடிமுடித்த படலம், கும்பியெரிச்சற் படலம் என்பன அவற்றுட் சில. நாகாஸ்திரமும் கருடாஸ்திரமும் போரில் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக எய்யப்படும் அம்புகள். குடும்பச் சண்டை இங்கே இதிகாசப் போராக உயர்த்தப்பட்டு நகையாடப்படுகின்றது. கோடு என்பது நாஞ்சில் நாட்டுப் பேச்சில் நீதிமன்றத்தைக் குறிக்கும். வழக்காடியே குடும்பத்தை அழித்தனர் என்பது 'கோடேறிக் குடிமுடித்த' என்பதன் பொருள்.

கதையைக் கூறுபவர் ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி ஆவார்.

அறப்பொறுப்பு

இத்தகைய வழக்குகளில் குற்றவாளி யார் என்னும் வினாவிற்கு எளிய விடை இல்லை. மனைவி மக்களைக் காப்பது காரணவரின் கடமை. அனந்தரவரின் சொத்தைக் காப்பதும் அவருடைய கடமையே. ஒன்றைச் செய்தால் மற்றொன்றில் தவறியவர் ஆவார். மருமகன் கேட்பது சட்டப்படி அவனுக்கு உரியது. மகன் கேட்பது அவன் உழைப்பின் பயன். நீதிமன்றம் சட்டப்படி யாருக்கு உரிமை என்பதைத் தீர்மானிக்கலாம். யாருக்கு யார் கடன்பட்டவர் என்பதைத் தீர்மானிக்க இயலாது.

எனினும், முறை தவறானது என்பதால் தனிமனிதர் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. வாழ்வுக்கு வழி செய்ய இயலாது என அறிந்தும் மேலும் மேலும் மணம் புரிவதும், பேசித் தீர்க்கக்கூடியதை வழக்காக்கிச் சொத்தை அழிப்பதும் அவரவர் தாமே தேர்ந்து செய்த செயல்கள். கணவனின் குடும்பச் சொத்தில் பங்கு இல்லாத ஒரு பெண்ணின் வாய்மொழியாகக் கதையை அமைத்ததன் மூலம், வழக்கின் இரு தரப்பிலும் இடம்பெறாதவரின் இழப்பைக் கவிமணி முன்வைக்கின்றார். இதுவே நூலின் சிறப்பு ஆகும்.

அரச குடும்பத்தில் இதே சிக்கல்

திருவிதாங்கூர் அரச குடும்பமும் மருமக்கள் வழியையே பின்பற்றியது. இராம வர்மருக்குப் பின் 1729 இல் அவருடைய மருமகன் மார்த்தாண்ட வர்மர் அரியணை ஏறினார். இராம வர்மரின் மக்களான தம்பிமார் இதனை எதிர்த்து, இறுதியில் கொல்லப்பட்டனர். இவ்வரலாறு தென் மாவட்டங்களில் தம்பிமார் கதை என வில்லுப்பாட்டாகப் பாடப்படுகின்றது. சி. வி. இராமன் பிள்ளையின் மலையாளப் புதினமான மார்த்தாண்ட வர்மா (1891) இப்போட்டியைக் கதைக்களமாகக் கொண்டது. வயலுக்கு எழுந்த வழக்கும் அரியணைக்கு எழுந்த போரும் ஒரே விதியிலிருந்து பிறந்தவை.

சட்ட மாற்றம்

திருவிதாங்கூரில் நாயர் சமூகத்திற்கான சட்டங்கள் 1912, 1925 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்டன. தொடர்ந்து 1926 இல் (கொல்லம் ஆண்டு 1101) நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்கவும், தந்தையின் சொத்து மனைவி மக்களைச் சேரவும் இது வழி செய்தது. இம்மாற்றத்திற்கு மான்மியம் ஒன்றே காரணம் எனக் கொள்வது பொருந்தாது. அண்டைச் சமூகங்களில் ஏற்பட்ட மாற்றமும் கருதத்தக்கது. ஆயினும் மாற்றம் ஏன் வேண்டும் என்பதை எளிய தமிழில் உணர்த்திய நூல் இது.

1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மருமக்கள் வழிச் சட்டம் என்பதற்குத் தரும் வரையறையில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தையும் பெயர் சுட்டிக் குறிப்பிடுகின்றது. இச்சட்டத்தின் 7 ஆம் பிரிவின்படி, மருமக்கள் வழியைச் சேர்ந்த ஒருவர் இறந்தால், அதற்குச் சற்று முன் குடும்பச் சொத்து தலைக்கு ஒரு பங்காகப் பிரிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். அவருடைய பங்கு அவருடைய வாரிசுகளைச் சேரும். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்துடன் இணைந்தது.