மழைச் சங்கிலி வாடைக்காற்றுக்கு நிற்குமா?

கூரைப் பீலியில் சேரும் மழைநீரைக் குழாய்க்குப் பதிலாகச் சங்கிலி வழியே இறக்குவது யப்பானியரின் பழைய வழக்கம். 'குசாரி தோய்' என்பார்கள். வெறும் வளையங்களைக் கோர்த்தது ஒரு வகை. அடியில் துளையுள்ள சிறு கிண்ணங்களைக் கோர்த்தது இன்னொரு வகை. வெளிநாட்டு உறவுகளின் உதவியோடு வீடு கட்டுவோர் சிலர் இங்கே கொக்கட்டிச்சோலையிலும் இதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். அழகான பொருள்தான். காற்றுக்கு நிற்குமா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும், ஏனெனில் எங்களுக்குப் பெருமழை வாடைக்காற்றோடுதான் வருகிறது.

வளையச் சங்கிலியில் நீர் இரும்பை ஒட்டியபடி இறங்கும். அந்த நீரைக் காற்று எளிதில் சிதறடித்துவிடும். கிண்ணச் சங்கிலியில் சிதறல் குறைவு, ஆனால் கிண்ணங்கள் காற்றைக் கூடுதலாகப் பிடிக்கும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அடிமுனை கட்டாத சங்கிலி அப்போது சுவரிலும் யன்னல் கண்ணாடியிலும் மோதும். இரவில் இரும்பு அடிபடும் சத்தம் எங்கள் ஊரில் பலருடைய நித்திரையைக் கலைத்துவிடும். காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை.

அடிமுனையைச் சீமெந்தில் பதித்த வளையத்தில் கட்டினால் ஆட்டம் குறையும். ஆனால் இழுவை மேலே போகும். பிவிசி பீலி அந்த இழுவையைத் தாங்காது, மூலையில் பிளந்துவிடும். ஆகவே மேல் கொக்கியைப் பீலியில் மாட்டாமல், கைமரத்தில் ஆணி முடுக்கிய இரும்புப் பட்டையில் மாட்டுங்கள். சங்கிலியை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் சற்றுத் தளர்வு விடுங்கள். நாகம் பூசிய தகரப் பீலியாக இருந்தால் செப்புச் சங்கிலி வேண்டாம். இரண்டும் தொடும் இடத்தில் ஈரம் பட்டுத் தகரம் விரைவில் அரித்துப்போகும். வாவியின் உப்புக்காற்றில் சாதாரண இரும்பும் நீண்டகாலம் நிற்காது.

தண்ணீர் சேகரிக்கத்தான் என்றால் சங்கிலியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வாவிக்கரைக் கிணறுகள் பலவற்றில் உவர். 550 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் சுமார் 500 லீற்றர் விழும். தூர இடத்திலிருந்து குடத்தில் சுமப்பவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். அதில் ஒரு பகுதியைக் காற்றுக்குக் கொடுப்பது ஏன்? தாங்கிக்குப் போகும் பக்கத்தில் மூடிய குழாயைப் போடுங்கள். சங்கிலி ஆசை இருந்தால், வாடைக்கு மறைவான முன்வாசல் பக்கத்தில் ஒன்று போதும்.

சூறாவளி வேறு கதை. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி கூரைகளையே தூக்கி எறிந்தது, தென்னைகளை முறித்துப் போட்டது. அப்படியான காற்றில் கழன்ற சங்கிலி ஆளை அடிக்கும் ஆயுதம். வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடுத்தவுடன், காற்று தொடங்குமுன்பே கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். இதற்காகவே, கையால் திறக்கக்கூடிய கொக்கியாகப் பார்த்து வாங்குங்கள்.