முதல் ரோடு பைக் வாங்கப் போறீங்களா? பிராண்டை விடுங்க... உங்க ஊர்ல காத்து அடிக்க முடியுமான்னு முதல்ல பாருங்க!

உடுமலைப்பேட்டையில் இருந்து திருமூர்த்தி மலை சுமார் 20 கி.மீ. அமராவதி அணை சுமார் 25 கி.மீ. பொள்ளாச்சி 30 கி.மீ.க்குள்தான். விடியக்காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். புதிதாக சைக்கிள் ஓட்ட ஆரம்பிப்பவருக்கு இதைவிட வசதியான ஊர் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் சைக்கிள் வாங்குவதில்தான் சிக்கல். நாலைந்து ரோடு பைக்கை நிறுத்தி வைத்து, ஏறி ஓட்டிப் பார்க்க விடும் பெரிய கடை வேண்டும் என்றால் 70 கி.மீ. தள்ளி கோவைக்குத்தான் போக வேண்டும். அதனால் பலரும் யூடியூப் ரிவ்யூ பார்த்துவிட்டு ஆன்லைனில் புக் பண்ணிவிடுகிறார்கள். 40 ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கிய சைக்கிள், ஒரு பஞ்சர் ஆனதும் மாடிப்படிக்கு அடியில் போய் நின்றுவிடுவது இப்படித்தான்.

ரோடு பைக் என்றால் எது?

பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. நம்ம ஊரில் பைக் என்றால் மோட்டார் பைக். ரோட்ஸ்டர் என்றால் பால் கேன் கட்டிக்கொண்டு போகும் கறுப்பு சைக்கிள். ரோடு பைக் இது இரண்டும் இல்லை. ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், 700சி என்று சொல்லப்படும் பெரிய சக்கரம், ஒல்லியான டயர், ஷாக் அப்சார்பர் கிடையாது. ஆரம்ப விலை அலுமினிய மாடல்கள் 10, 11 கிலோ எடை இருக்கும். கடைகளில் அதிகம் விற்கும் ஷாக் வைத்த கியர் சைக்கிள், அதாவது எம்டிபி, 15 கிலோவுக்கு மேல் போகும்.

இரண்டுக்கும் நடுவில் ஹைபிரிட் என்று ஒன்று உண்டு. சக்கரம் ரோடு பைக் மாதிரி, ஹேண்டில் சாதாரண சைக்கிள் மாதிரி நேராக இருக்கும். கடைவீதிக்கும் போகணும், ஞாயிற்றுக்கிழமை அணைக்கும் போகணும் என்பவர்களுக்கு இதுவே போதும். ரோடு பைக்தான் கெத்து என்று நினைத்து வாங்கிவிட்டு முதுகுவலியோடு திரிவதற்கு ஹைபிரிட் எவ்வளவோ மேல்.

அப்போ அந்த வளைந்த ஹேண்டில் எதுக்கு? உடுமலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பித்தான் இந்தப் பகுதி முழுக்க காற்றாலைகள் நிற்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கில் இருந்து கிழக்காக விடாமல் அடிக்கும். சமதளத்தில் 30 கி.மீ. வேகத்தில் போகும்போது ஓட்டுபவரின் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. ஹேண்டிலின் கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்தால் காற்றில் படும் உடம்பின் பரப்பு குறையும். ஆடி மாசத்தில் பொள்ளாச்சி பக்கம் ஓட்டினால் ஒரே நாளில் புரிந்துவிடும்.

அதே காற்று பக்கவாட்டில் அடித்தால் கதையே வேற. ரிம் உயரமாக, பார்க்க ஸ்டைலாக இருக்கும் சக்கரங்கள் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கி ஆளையே சாய்க்கும். புதுசாக ஓட்டுபவர் குட்டையான சாதா ரிம்மே வாங்கலாம்.

சைஸ் சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வீண்

பிளஸ் 1-ல் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் சீட்டை ஏற்றி இறக்கினால் போதும், யாரும் ஓட்டலாம். ரோடு பைக் அப்படி இல்லை, செருப்பு மாதிரி ஆளுக்கு ஒரு சைஸ். மொத்த உயரத்தைவிட கால் உயரம் இங்கே முக்கியம்.

அளப்பது சுலபம். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை இறுக்கி மேலே ஏற்றி, அதன் மேல்விளிம்பில் இருந்து தரை வரை டேப் பிடிக்க வேண்டும். கிடைக்கும் அளவை 0.67 ஆல் பெருக்கினால் ஃபிரேம் சைஸ் தோராயமாகக் கிடைக்கும். 0.883 ஆல் பெருக்கினால் பெடல் சுழலும் அச்சில் இருந்து சீட்டின் மேற்பகுதி வரை இருக்க வேண்டிய உயரம். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1986, 1989, 1990 என மூன்று முறை ஜெயித்த அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் பெயரில் புழங்கும் கணக்கு இது. கால் அளவு 78 செ.மீ. என்றால் ஃபிரேம் 52, சீட் உயரம் 69 செ.மீ. வரும்.

இது ஆரம்பப் புள்ளிதான். இப்போது வரும் ஃபிரேம்களில் மேல்குழாய் சரிவாக இருப்பதால் ஒரு கம்பெனியின் எம் சைஸ் இன்னொரு கம்பெனியின் எஸ் சைஸாக இருக்கலாம். அதனால் ஒரு தடவையாவது கோவைக்குப் போய் ஏறி உட்கார்ந்து பார்ப்பது நல்லது. பஸ் காசு வீண் போகாது. சைக்கிளின் மேல் நின்றால் மேல்குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். பிரேக் லீவர் மேல் கை வைத்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நீட்டிக்கொண்டிருந்தால் சைக்கிள் பெரிசு.

“ஓட்ட ஓட்டப் பழகிடுமுங்க” என்று கடையில் சொன்னால் கொஞ்சம் உஷாராக இருங்க. சீட் உயரத்தைச் சரிசெய்யலாம், ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மை மாற்றி ஒன்றிரண்டு செ.மீ. முன்னே பின்னே கொண்டுவரலாம். ஃபிரேமை மாற்ற முடியாது.

பஞ்சர் கடையில் காத்து அடிக்க முடியுமா?

ரிவ்யூக்களில் அதிகம் பேசாத விஷயம் இது. சாதா சைக்கிளில் இருப்பது வால்டியூப் போட்ட வால்வு. மோட்டார் பைக், காரில் இருப்பது தடியான வால்வு. நம்ம ஊர் கம்ப்ரசர் இதற்குத்தான் பழகியது. ரோடு பைக்கில் வருவதோ பெரும்பாலும் பிரஸ்டா என்ற ஒல்லி வால்வு. உச்சியில் ஒரு குட்டித் திருகு இருக்கும், அதைத் தளர்த்தினால்தான் காத்து உள்ளே போகும். கம்ப்ரசர் வாய் இதில் சேராது.

இதற்கு அடாப்டர் என்ற சின்னப் பித்தளைத் திருகு கிடைக்கிறது. விலை நூறு ரூபாய் சுமாருக்குத்தான் இருக்கும். சைக்கிள் வாங்கும்போதே இரண்டு வாங்கி, ஒன்றை வால்விலும் ஒன்றை சாவிக்கொத்திலும் மாட்டிவிடலாம். ஆனாலும் கம்ப்ரசரை தினமும் நம்ப வேண்டாம். டயர் ஒல்லி என்பதால் ஒரே நொடியில் காத்து எகிறி டியூப் வெடித்துவிடும். பிரஷர் மீட்டர் வைத்த கால் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது ரோடு பைக்குக்கு ஆடம்பரம் இல்லை, அவசியம். மோட்டார் பைக் டயருக்கு 30 பிஎஸ்ஐ சுமார் அடிக்கிறோம். 28 மி.மீ. ரோடு பைக் டயருக்கு 70 கிலோ எடையுள்ள ஆள் என்றால் 70 முதல் 80 பிஎஸ்ஐ வேண்டும். அதுவும் சில நாளிலேயே இறங்கிவிடும். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் பார்த்துக்கொள்வது நல்லது.

காத்து குறைவாக இருக்கும்போது குழியிலோ, பெயின்ட் அடிக்காத வேகத்தடையிலோ ஏறினால் டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

டயர் அகலத்தையும் கேட்டு வாங்குங்க. பழைய மாடல்களில் 23, 25 மி.மீ. வரும். நம்ம கிராமத்து ரோட்டுக்கு 28 நல்லது, 32 இன்னும் நல்லது. ஃபிரேமிலும் பிரேக்கிலும் அந்த அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே காட்டச் சொல்லணும். டிஸ்க் பிரேக் மாடல்களில் பொதுவாக இடம் அதிகம். பிஏபி வாய்க்கால் கரை, தென்னந்தோப்பு வழி என்று இறங்கினால் நெருஞ்சி முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் காத்திருக்கும். இந்த சைஸ் டியூப் எல்லாக் கடையிலும் கிடைக்கும் என்று நம்ப முடியாது. இரண்டு ஸ்பேர் டியூப், டயர் கழற்றும் பிளாஸ்டிக் லீவர், கைப் பம்ப் மூன்றும் எப்போதும் கூடவே இருக்கணும். டியூப் மாற்றுவதை வீட்டு வாசலில் இரண்டு முறை பழகிவிட்டால், நடுரோட்டில் 15 நிமிஷ வேலைதான்.

கியர் எத்தனை என்று கேட்காதீங்க

21 கியரா, 16 கியரா என்பது பெரிய விஷயமே இல்லை. மிக லேசான கியர் எது என்று கேட்கணும். முன்பக்கச் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் 28 பல் என்றால், ஒரு முறை பெடல் சுற்றினால் சைக்கிள் சுமார் 2.55 மீட்டர் நகரும். பின்னால் 32 பல் என்றால் 2.23 மீட்டர். நகரும் தூரம் குறைய, மிதிப்பது லேசாகும். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறணும்னு ஒரு ஆசை இருந்தால் 32-க்குக் குறையாமல் பாருங்க. சமதளம் மட்டும்தான் என்றாலும் எதிர்காத்தில் இதே கியர் கைகொடுக்கும். ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டிய மூணாறு ரோடு யானைக் காடு. புது சைக்கிளை வெள்ளோட்டம் பார்க்கும் இடம் அது இல்லை.

ஷிமானோ கம்பெனியின் கியர்களில் டூர்னி, கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105 என்று படிப்படியாக விலை ஏறும். முதல் சைக்கிளுக்கு 8 ஸ்பீடு கிளாரிஸ் தாராளமாகப் போதும். ஸ்பீடு கூடக் கூட செயினும் பின்பக்கப் பல்சக்கரமும் மாற்றும் செலவும் கூடும் என்பதையும் கணக்கில் வைங்க.

பட்ஜெட் எவ்வளவு?

ஆரம்ப நிலை ரோடு பைக்குகள் சுமார் 25 ஆயிரத்தில் இருந்து 60 ஆயிரம் ரூபாய் வரை இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிள்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முன் 40 ஆயிரம் ரூபாய் உள்ள சைக்கிளில் இது 2,800 ரூபாய் வித்தியாசம். பில்லில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்க.

கையில் இருக்கும் மொத்தத்தையும் சைக்கிளிலேயே போட்டுவிடக் கூடாது. ஹெல்மெட், கால் பம்ப், முன் பின் லைட், டியூப், பாட்டில் எல்லாம் சேர்த்து 5 முதல் 7 ஆயிரம் ரூபாய் தனியாக வேண்டும். 40 ஆயிரம் இருந்தால் 33 ஆயிரத்துக்கு சைக்கிள் பாருங்க. பின்பக்க லைட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தைப்பூச சமயத்தில் பழநி ரோட்டில் பாதயாத்திரை போகும் பக்தர்களே ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால்?

நல்ல யோசனைதான், சைஸ் சரியாக இருந்தால். ஒரு அடி ஸ்கேல் எடுத்துப் போங்க. செயினில் ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் தொடக்கத்தை வைத்தால், புதுச் செயினில் 24 கண்ணி தள்ளியுள்ள பின் சரியாக 12 இன்ச்சில் நிற்கும். பதினாறில் ஒரு பங்கு இன்ச் தள்ளியிருந்தால் செயின் மாற்றணும். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பின்பக்கப் பல்சக்கரமும் போயிருக்க வாய்ப்பு அதிகம், விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஃபிரேம் குழாய்கள் சேரும் இடத்தில், முக்கியமாக ஹேண்டிலுக்குக் கீழே, பெயின்டில் கீறல் ஓடியிருந்தால் விட்டுவிடுங்க. அடிபட்ட கார்பன் ஃபிரேம் வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே விரிசல் விட்டிருக்கும். முதல் சைக்கிளை செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கு அலுமினியம்தான் சரி.

ஆன்லைனில் வாங்கினால் பாதி கழற்றிய நிலையில் பெட்டியில் வரும். ஹேண்டில், முன் சக்கரம், பெடல் நாம்தான் மாட்டணும். இடது பெடலின் மரை தலைகீழ், மற்ற திருகுகளுக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். தெரியாமல் முறுக்கினால் மரை போய் கிராங்கையே மாற்ற வேண்டி வரும். ஃபோர்க்கைப் பின்பக்கம் பார்த்து மாட்டிவிட்டு ஓட்டுபவர்களும் உண்டு. பிரேக் ஃபோர்க்குக்கு முன்பக்கம் தெரிந்தால் மாட்டியது சரி, டிஸ்க் பிரேக்குக்கு இந்தக் கணக்கு ஆகாது.

எங்கே வாங்கினாலும் முதல் 100, 200 கி.மீ. ஓடியதும் புது கியர் கேபிள் லேசாகத் தளர்ந்து, கியர் மாறும்போது கடகடவென சத்தம் வரும். பலரும் சைக்கிள் ரிப்பேர் என்று பயந்துவிடுகிறார்கள். பின்பக்க கியர் மெக்கானிசத்தில் கேபிள் நுழையும் இடத்தில் ஒரு குட்டித் திருகு இருக்கும், அதை அரைச் சுற்று வெளிப்பக்கமாகத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். டெலிவரி எடுக்கும் அன்றே அந்தத் திருகைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டால், அதற்காக இன்னொரு தடவை கோவைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.