ஊவாப் புகையிரதப் பாதையும் பொறியியலாளர் கடப்பாடும்

கொழும்பிலிருந்து புறப்பட்ட மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1894ஆம் ஆண்டிற் பண்டாரவளையை அடைந்தது. அங்கிருந்து பதுளை வரையுள்ள இறுதிப் பகுதி 1924ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலேயே திறந்துவைக்கப்பட்டது. இப்பகுதியில் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, உருக்கின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்துங் கொண்டு ஏறத்தாழ 80 அடி உயரத்தில் ஒன்பது வளைவுப் பாலம் எழுந்தது. தெமோதரையிலோ, பாதை குன்றைச் சுற்றியிறங்கித் தான் கடந்துவந்த நிலையத்தின் கீழேயே சுரங்கத்தினூடு செல்கின்றது. காண்போர் இவற்றின் திறனை வியப்பர். ஆயின், அவ்வுயரத்திற் கல்லேற்றியும் மலையைக் குடைந்தும் உழைத்தோரின் உயிர்க்காப்பு யார் பொறுப்பாயிருந்தது என்பதும் ஆராயத்தக்கதே.

அக்காலச் சட்டம் தொழிலாளியின் கடமையையே முதற்கண் அறிந்திருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தக்க காரணமின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி சிறைத் தண்டனைக்குரியவன். இந்தியத் தொழிலாளர்மீதான இத்தகைய தண்டனை விதிகள் 1921இலேயே நீக்கப்பட்டன.

இங்கிலாந்திலும் நிலைமை இதனின் மிக வேறுபட்டதன்று. உடன் தொழிலாளியின் பிழையால் ஒருவனுக்கு ஊறு நேரின் முதலாளி பொறுப்பாளியல்லன் என்னும் கோட்பாடு, 1837இல் முடிவான பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர் வழக்கினின்று வளர்ந்தது. சாரத்தைச் செவ்வையாகக் கட்டாத மேற்பார்வையாளனும் இக்கோட்பாட்டின்படி உடன் தொழிலாளியே. இலங்கையின் உரோம-ஒல்லாந்தச் சட்டம் கவனயீனத்திற்குப் பரிகாரம் வழங்கியதெனினும், பிழையை மன்றில் நிறுவுதல் வறியோர்க்கு அரிதாயிற்று.

பாதை திறக்கப்பட்டுப் பத்தாண்டு கழிந்தபின், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. வேலையினால், வேலையின்போது நேர்ந்த ஊறுக்கு, முதலாளியின் பிழையை நிறுவாமலே நட்டஈடு பெறும் வழி இதனால் உண்டாயிற்று. எனினும் நட்டஈடு ஊறு நேர்ந்தபின் வருவது. ஊறு நேராது தடுப்பதே காப்பு. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தன் விதிகள் சிலவற்றைக் கட்டட வேலைகளுக்கும் பொறியியல் நிர்மாணங்களுக்கும் விரித்தது.

பாதுகாப்பான வேலைமுறையை அமைப்பது முதலாளியின் சொந்தக் கடமையென்றும், அதனைப் பிறரிடம் ஒப்படைத்துத் தப்பவியலாதென்றும் 1937இற் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. வரைபடம் வகுப்போர் நிலை யாது? 1962ஆம் ஆண்டின் கிளேற்றன் வழக்கிற் சுவரிடிந்து கொத்தனார் ஒருவர் காயமுற்றார். வேலையைக் காப்புடன் செய்யும் முறையை வகுப்பது ஒப்பந்தகாரரின் பொறுப்பென்று கூறி, மேன்முறையீட்டு மன்று கட்டடக்கலைஞரை விடுவித்தது. ஆயினும் 1994ஆம் ஆண்டின் பிரித்தானிய ஒழுங்குவிதிகள், வேலையாட்களுக்கு நேரக்கூடிய இடர்களை வடிவமைப்போரும் முன்னரே கருதவேண்டுமென விதித்தன.

இம்மாற்றம் பொருத்தமானதே. பாறையின் இயல்பு, நீரூற்றின் போக்கு, சுவரின் தாங்குதிறன் ஆகியவற்றை முன்னறியும் கல்வி பொறியியலாளரிடமே உள்ளது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் உமா ஓயாத் திட்டச் சுரங்கத்தில் நீர் புகுந்ததையடுத்துப் பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின; வீடுகளில் வெடிப்புக்கள் தோன்றின. முன்னறிவின் இன்றியமையாமைக்கு இதுவும் ஒரு சான்று.

ஆகவே, அறிந்தவன் அறியாதவனைக் காக்கக் கடமைப்பட்டவன் என்பதே நூறாண்டுச் சட்ட வளர்ச்சி உணர்த்தும் உண்மையாகும். நாளை பொறியியல் பயிலவிருக்கும் மாணவர், ஒன்பது வளைவுகளின் கணக்கோடு இக்கடப்பாட்டினையும் கற்றல் நன்று.