செதுக்கிய நிலமும் மண்ணின் உயிரும்

சோழர் கல்வெட்டுகள் கடாரம் எனக் குறிக்கும் கெடா மாநிலத்தின் வடபகுதியில், குபாங் பாசு மாவட்டத்தில் அமைந்த ஊர் ஜித்ரா. மேற்கே கடற்கரைவரை நெல்வயல்கள். கிழக்கே நிலம் மேடேறும் இடங்களில் ரப்பர் மரங்கள். இம்மாநிலத் தோட்டங்களின் வரலாற்றை எழுதியோர் ரப்பரின் விலையேற்றத்தையும், கப்பலேறி வந்த தொழிலாளரின் தொகையையும் விரிவாகக் கூறினர். காலடி மண்ணுக்கு நேர்ந்ததை அவர்கள் மிகுதியும் கூறினாரில்லை. அம்மண்ணின் கதையில் தமிழர் கைகளுக்குப் பெரும் பங்குண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டை வெட்டி எரித்து ரப்பர் நட்ட துரைமார், நிரைகளுக்கிடையே ஒரு புல்லும் தலைகாட்டலாகாது என விதித்தனர். லாலாங் புல்லின்மேல் அவர்கள் கொண்ட அச்சம் அத்தகையது. கங்காணியின் கண்காணிப்பில் ஆணும் பெண்ணும் மண்வெட்டியால் நிலத்தைச் செதுக்கினர். செதுக்கிய நிலமே நல்ல தோட்டத்திற்கு அடையாளமாயிற்று. நிழலும் சருகும் இழந்த மேல்மண்ணோ வெயிலில் வெந்தது. மழையில் கரைந்து ஆற்றைச் சேர்ந்தது. மண்புழுவும் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் செறிந்து வாழ்வது அம்மேல்மண்ணில்தான். மண்புழுவின் உழைப்பைப் பற்றி டார்வின் 1881ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் எழுதியிருந்தார். ஆயினும், கிராணியின் பேரேட்டில் புழுவுக்கு ஏது இடம்?

1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், மண்ணைப் போர்த்தும் பயறு வகைக் கொடிகளை ஆராய்ந்து பரப்பியது. புவேரியா, கலபகோனியம், சென்ட்ரோசீமா ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. இக்கொடிகளின் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக்கித் தருகின்றன. இதனினும் வியப்பானது வேர்நோயின் செய்தி. காட்டுமரங்களின் பழைய அடிக்கட்டைகளில் தங்கிய வெள்ளை வேர்ப்பூஞ்சை, வேரோடு வேர் தொட்டு ரப்பரைக் கொன்றுவந்தது. கொடி படர்ந்த நிலம் குளிர்ந்து ஈரமுற்றதும், மற்றப் பூஞ்சைகள் பெருகி அக்கட்டைகளை விரைவில் மக்கச் செய்தன. உணவிழந்த நோய்ப்பூஞ்சையின் வேகம் தணிந்தது.

எனினும், களையை நஞ்சால் தீர்க்கும் வழக்கமும் உடன் வளர்ந்தது. முதலில் சோடியம் ஆர்சனைட். 1960களுக்குப் பின் பாராகுவாட். முதுகில் மருந்துத் தொட்டி சுமந்து தெளித்தவருள் தமிழ்ப் பெண்கள் பலர். மண்ணையும் மேனியையும் ஒருசேர வருத்திய அப்பாராகுவாட் 2020ஆம் ஆண்டில்தான் மலேசியாவில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது.

தட்பவெப்பம் மாறிவரும் இந்நாளில் இப்பழங்கதைக்குப் புதிய பொருள் உண்டாகியுள்ளது. வடகெடாவில் ஆண்டின் தொடக்க மாதங்கள் இயல்பாகவே வறண்டவை. 1978ஆம் ஆண்டு வறட்சியில் மூடா பாசனப் பகுதி ஒரு போக நெல்லையே கைவிட்டது. அண்டை மாநிலமான பெர்லிசின் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் நாள் வெப்பம் 40.1 பாகை செல்சியசை எட்டியது. மண் சூடேறினால் நுண்ணுயிர்கள் மட்கை விரைந்து சிதைக்கும். அதிலுள்ள கரி, கரியமில வாயுவாகக் காற்றில் கலந்து வெப்பத்தை மேலும் கூட்டும். மண் காய்ந்தால் புழுக்கள் ஆழத்திற்கு இறங்கிவிடும். அதன்பின் பெருமழை பெய்யுமாயின், போர்வையற்ற நிலம் பழைய தோட்டத்து நிலம் போலவே கரைந்தோடும். கொடியும் சருகும் மூடிய நிலமோ ஈரத்தைச் சிலகாலம் தாங்கும். அதனுள் வாழ்வனவும் தாங்கும்.

ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. மறுநடவின்போது அங்கும் பயறுக்கொடி விதைப்பதுண்டு. அவ்விதையைத் தூவுவோர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். மண்ணைச் செதுக்கியோரின் பேரப்பிள்ளைகள் பலர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர்.