கொங்குத் தமிழின் எல்லை



நாட்டு வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுகிறோம். மக்கள் நாவில் வழங்கும் சொல்லும் வரலாற்றுச் சான்றே என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். சேலம், நாமக்கல் சமவெளியில் வழங்கும் கொங்குத் தமிழைக் கொண்டு இதனைச் சற்றே ஆராய்வோம்.

வட்டாரப் பேச்சைச் செந்தமிழின் சிதைவு என்று எண்ணுவோர் உளர். தொல்காப்பியர் அவ்வாறு எண்ணினாரல்லர். இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லையும் செய்யுளுக்கு உரியதாக அவர் ஏற்றுக்கொண்டார். குட்டநாட்டார் தாயைத் ‘தள்ளை’ என்பர் என உரையாசிரியர் காட்டிய சொல், மலையாளத்தில் ‘தள்ள’ என இன்றும் வாழ்கிறது.

இனி, நம் சமவெளிக்கு வருவோம். தந்தையின் தந்தை இங்கே ‘அப்பாரு’; தாயின் தந்தை ‘அப்புச்சி’. பிற இடங்களில் ‘தாத்தா’ என்னும் ஒரு சொல்லில் அடங்கும் உறவை இப்பேச்சு இரண்டாகப் பகுத்துக் காண்கிறது. ‘நோன்பு’ என்பது ‘நோம்பி’ எனத் திரிந்து பண்டிகையைக் குறிக்கிறது. ‘என்ற ஊடு’ என்று உழவர் கூறுவது, செய்யுளில் பயிலும் ‘என்றன்’ என்னும் வடிவை நினைவூட்டவில்லையா? வேலிகளுக்கு இடையே செல்லும் வழி ‘இட்டேரி’. மாடு கட்டும் இடம் ‘கட்டுத்தரை’.

இப்பேச்சின் எல்லை யாது? 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் சேலம், நாமக்கல், திருச்செங்கோட்டுப் பகுதிகளை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். காவிரியின் மேற்கரையில் உள்ள ஈரோட்டுப் பகுதி 1799 வரை மைசூரின் ஆட்சியில் இருந்தது. ஆறு இரண்டு அரசுகளைப் பிரித்தது. பின்னர் இரண்டு மாவட்டங்களைப் பிரித்தது. ஆயினும் இரு கரையினரின் பேச்சை அது பிரிக்கவில்லை. மாறாக, ஒரே சேலம் மாவட்டத்துக்குள் கிழக்கே ஆத்தூர்ப் பக்கம் செல்லச் செல்ல, நடுநாட்டுப் பேச்சின் சாயலைக் கேட்கிறோம்.

ஜெர்மனியிலும் இத்தகைய நிலையே காணப்பட்டது. வடக்கே தாழ்நிலப் பேச்சும் தெற்கே மேட்டுநிலப் பேச்சும் வழங்கிய அந்நாட்டில், கெயார்க் வெங்கர் என்னும் அறிஞர் 1876-இல் ஒரு பணியைத் தொடங்கினார். சில எளிய வாக்கியங்களை ஊர்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பி, அவரவர் ஊர்ப் பேச்சில் எழுதித் தருமாறு வேண்டினார். காலப்போக்கில் 40,000-க்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து விடைகள் வந்து குவிந்தன. அவற்றை நிலப்படத்தில் குறித்தபோது, ஒவ்வொரு சொல்லின் எல்லையும் வெவ்வேறு வழியில் சென்றது.

நமக்கு அத்தகைய வாய்ப்பு அன்று கிட்டவில்லை. 1894-இல் கிரியர்சன் தொடங்கிய இந்திய மொழிகளின் கணக்கெடுப்பில் சென்னை மாகாணம் சேர்க்கப்படவில்லை. அக்குறையை ஓரளவு நிறைவு செய்தவர்கள் எழுத்தாளர்களே. ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் ‘நாகம்மாள்’ நாவலில் கொங்குப் பேச்சுக்கு இலக்கிய மதிப்புத் தந்தார். பெருமாள்முருகன் 2000-இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியை வெளியிட்டார்.

எனினும் சொற்கள் மறைந்துகொண்டே இருக்கின்றன. எருதுகளைப் பூட்டிக் கிணற்றுநீர் இறைத்த ‘கவலை’, மின்பொறி வந்தபின் ஓய்ந்தது. இன்று அச்சொல்லைக் கேட்கும் இளைஞருக்கு மனத்துயர் ஒன்றே பொருளாகத் தோன்றும். கருவி மறைந்தது, அதனோடு சாலும் வடக்கயிறும் பேச்சிலிருந்து விலகின.

ஆகவே, மாணவர்களே, விடுமுறையில் உங்கள் அப்புச்சியின் அருகே ஓர் ஏட்டுடன் அமருங்கள். அவர் கூறும் சொல்லையும், பொருளையும், ஊரின் பெயரையும் குறித்து வையுங்கள். வெங்கருக்கு அன்று உதவியவர்களும் ஊர்ப் பள்ளிகளைச் சேர்ந்தவர்களே அன்றோ!