கேரவனும் கிடையும்

போன வருஷம் ஆனிச் சாரலில் ஐந்தருவிப் பக்கம் காலை நடை போயிருந்தேன். கர்நாடகப் பதிவெண்ணோடு ஒரு வேன் நின்றது. உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. கூரையில் சோலார் தகடு. சொந்தக்காரர்கள் நாற்பது வயதுத் தம்பதி. கூடவே ஒரு லாப்ரடார், ஒரு வெள்ளை ராஜபாளையம். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு வருஷமாக இதில்தான் குடித்தனமாம். நாயோடு போனால் லாட்ஜில் இடம் தருவதில்லை என்றார் அந்தப் பெண். தண்ணீர் பிடிப்பதும், குரங்கைக் கண்டு துள்ளும் நாயை அடக்குவதுமாகப் பாதி நாள் போய்விடுகிறது என்று சிரித்தார். "நம்ம நாட்டுக்கு இது புதுசு அங்கிள்" என்றார் கணவர்.

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். புதுசு இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வாசகர்களுக்காவது சொல்கிறேன்.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். 1954 நவம்பர் 1ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த பிறகும் அந்தப் படிப்பு தொடர்ந்தது. எக்தோர் மலோ 1878ல் எழுதிய 'சான் ஃபமி' கதையை வகுப்பில் வாசித்தோம். விதாலிஸ் என்ற கிழவர், ஓர் அநாதைப் பையன், ஒரு குரங்கு, மூன்று நாய்கள். ஊர் ஊராக நடந்து, வித்தை காட்டிப் பிழைப்பார்கள். பனிக்காட்டில் இரண்டு நாய்களை ஓநாய்கள் கொண்டுபோகும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்படி ஒரு வாழ்க்கை சீமையில்தான் உண்டு என்று நினைத்தேன். எங்கள் தாத்தா வயலிலேயே அது நடந்துகொண்டிருந்தது!

சம்பா அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டுக்கிடை வரும். கிடையின் தலைவரைக் கீதாரி என்பார்கள். பகலில் ஆடு தரிசில் மேயும். இரவில் பேசிவைத்த வயலில் அடைப்பார்கள். புழுக்கையோடு மூத்திரமும் நேராக மண்ணில் இறங்கிவிடும். வண்டியில் கொண்டுவந்து கொட்டும் எருவுக்கு அந்தச் சத்து கிடையாது. மறுநாள் கிடையைப் பக்கத்துத் துண்டு நிலத்துக்கு மாற்றுவார்கள். கூலி அன்றைக்கு நெல், இப்போது பணம். குட்டிகளை அடைக்க, பனையோலையில் முடைந்த குடாப்பு ஒன்று இருக்கும். பெரிய கூடையைக் கவிழ்த்தது போல. மழை அடித்தால் ஆளும் அதற்குள்தான். மூன்று கல், ஒரு பானை, தூக்குவாளி, தொரட்டிக் கம்பு, போர்வை. குடும்பத்தின் சாமான் அவ்வளவுதான்.

பிறகு நாய்கள். ஐரோப்பிய ஆட்டுநாய் மந்தையை ஓட்டும், திருப்பும். நம் கிடைநாய்க்கு முக்கிய வேலை ராத்திரிக் காவல். நரியும் வரும், திருடனும் வருவான். குடும்பம் குடிக்கிற கஞ்சிதான் அதற்கும்.

ஓய்வுக்குப் பிறகு என் மனைவியின் ஊரான தென்காசிக்கு வந்தேன். இங்கே சிற்றாற்றுப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். பிசானம் அறுத்த மாசி பங்குனியிலிருந்து கார் நடவு வரைக்கும் வயல் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில் கிழக்கே கரிசல் காட்டிலிருந்து கிடைகள் வரும். குற்றாலத்தில் சாரல் தொடங்கி, ஆற்றில் தண்ணீர் வந்து, உழவு ஆரம்பித்தால் அவர்களுக்கு இங்கே வேலை இல்லை. ஈரத்தில் ஆட்டுக்குக் குளம்பு வேறு அழுகும். நாம் சீசன் வந்துவிட்டது என்று துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்கு ஓடும்போது அவர்கள் மூட்டை கட்டுகிறார்கள். கரிசல்காட்டுக் கி. ராஜநாராயணன் 'கிடை' என்றே ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறார். 2003ல் 'ஒருத்தி' என்ற படமாகவும் வந்தது. அவர் கடைசிக் காலத்தில் குடியிருந்தது எங்கள் புதுச்சேரியில் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

ஓர் இடத்தில் நிற்காதவர்களை அரசாங்கங்களுக்குப் பிடிக்காது. வெள்ளைக்காரர்கள் 1871ல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அலைந்து திரிந்து பிழைத்த பல சாதியார் அதில் சிக்கினார்கள். சுதந்திரம், சமத்துவம் என்று எனக்குப் பாடம் நடத்திய பிரான்ஸும் சளைத்ததல்ல. 1912 ஜூலையில் போட்ட சட்டப்படி நாடோடிகள் கைரேகை, உடல் அளவுகள் பதித்த ஒரு புத்தகத்தைச் சுமந்துகொண்டு, போகிற ஊரிலெல்லாம் அதிகாரியிடம் காட்ட வேண்டும். 1969 வரை அது இருந்தது. பள்ளியில் யாரும் இதைச் சொல்லவில்லை.

சட்டத்தை மட்டும் குறை சொல்லி நான் தப்ப முடியாது. 1980களில் நான் குமாஸ்தாவாக இருந்த ஓர் அலுவலகத்துக்கு ஒரு கீதாரி வந்தார். வயலோரத்தில் பிறந்த மகனுக்குப் பிறப்புச் சான்று வேண்டும், பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள் என்றார். மனுவில் நிரந்தர விலாசம் என்ற கட்டம் காலி. "விலாசம் எழுதிக்கிட்டு வாங்க" என்று திருப்பிவிட்டேன். இரண்டாம் முறை, கிடை போட்டிருந்த வயல்காரரின் பெயரை யாரிடமோ எழுதி வாங்கி வந்தார். இது உங்கள் விலாசம் இல்லையே என்றேன். மூன்றாம் முறை அவர் வரவில்லை. அறுப்புக் காலம் முடிந்து கிடை போய்விட்டிருக்கும். பிறப்பைப் பதிய வேண்டியது பிறந்த இடத்தில்தான். ஒரு வருஷம் தாண்டியிருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கி வரச் சொல்லியிருக்க வேண்டும். வழி இருந்தது, நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பதை ஒட்டி இருக்கும்.

பருவத்துக்குப் பருவம் மந்தையோடு இடம் மாறும் வழக்கத்தை 2023ல் யுனெஸ்கோ, பிரான்ஸ் உள்ளிட்ட பத்து ஐரோப்பிய நாடுகளின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது.

இந்தப் பங்குனியில் ஆய்க்குடி தாண்டி ஒரு கிடையைப் பார்த்தேன். தட்டிக்குப் பதில் நைலான் வலை, சாமான் ஏற்ற ஒரு மினி லாரி, கீதாரி கையில் செல்போன். இரண்டு நாய்கள் என்னைக் கண்டு எழுந்தன. அவர் அதட்டியதும் படுத்துக்கொண்டன. நாய்க்கு ஆகும் செலவைப் பற்றிக் கேட்டேன்.

"அதுக இல்லேன்னா ராத்திரி கண்ண மூட முடியுமா சார்?" என்றார்.

பிள்ளைகள் எங்கே என்றேன். அம்மாவைப் பெற்ற ஆச்சி வீட்டில் இருந்து படிக்கிறார்களாம். பிறப்புச் சான்று எல்லாம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆஸ்பத்திரியிலயே குடுத்துட்டாவ சார். ஏன் கேக்கிய?"

சும்மாதான் என்றேன்.