பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ.: ஓர் அமெரிக்க வண்டியின் வாழ்வும் மறுவாழ்வும்

வட அமெரிக்காவின் பேரேரிகளை அடுத்த நிலப்பரப்பில், 1763ஆம் ஆண்டில், ஆங்கிலேயரின் கோட்டைகளை எதிர்த்துப் பழங்குடிகள் பலரை ஒன்று திரட்டிப் போர் தொடுத்த தலைவர் ஒருவர் இருந்தார். ஒடாவா குலத்தவராகிய அவரின் பெயர் பொன்ரியாக். டெற்றோயிற் கோட்டையை அவர் மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் அது வீழவில்லை. 1766இல் அவர் சமாதானம் செய்துகொண்டார், 1769இல் கொலையுண்டார். அவருடைய மண்ணில் பின்னர் வந்து குடியேறியவர்கள், டெற்றோயிற்றுக்கு வடமேற்கே தாம் அமைத்த ஊருக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். 1926ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி அவ்வூரிலிருந்து புதியதொரு மோட்டார் வண்டியை வெளியிட்டபோது அதற்கும் அப்பெயரே வாய்த்தது. தலைவரின் முகம் வண்டியின் முன்புறச் சின்னமாயிற்று.

பெயர்கள் இவ்வாறு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது வரலாற்றிலே புதுமையன்று. அவ்வாறு தாவும்போது பெயருடன் எது செல்கின்றது, எது பின்தங்கிவிடுகின்றது என்பதே ஆராயத்தக்கது. அரசர்கள் முடிசூடிய ஆண்டுகளை மாணவருக்கு மனனஞ் செய்வித்தே காலத்தைக் கழித்த ஒருவன் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச வருவானேன் என்று நேயர்கள் வியக்கக்கூடும். ஆனால் பொன்ரியாக் பிரிவினர் 1964ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட ஜீ.ரீ.ஓ. என்னும் வண்டி, பத்தாண்டு வாழ்ந்து மடிந்து, முப்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பிறந்து, மூன்றே ஆண்டுகளில் மறுபடியும் மறைந்தது. ஓர் அரச வமிசத்தின் கதைக்கு எவ்விதத்திலும் குறையாத கதை அது.

1950களின் நடுப்பகுதி வரை பொன்ரியாக் வண்டி, ஓய்வூதியம் பெற்ற பெரியவர்களுக்கு ஏற்றதென்றே கருதப்பட்டது. விற்பனை தளர்ந்திருந்தது. 1956இல் பிரிவின் தலைமைக்கு வந்த செமன் நட்சன் என்பவர் அந்தப் பெயரை மாற்ற விரும்பி, வண்டிகளைப் பந்தயங்களில் ஓடவிட்டார். பழங்குடித் தலைவரின் முகமும் அக்காலத்திலேதான் வண்டியிலிருந்து நீங்கி, அதனிடத்தில் அம்புமுனை வந்தது. பந்தய வெற்றிகள் இளைஞரை ஈர்த்தன. ஆனால் 1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டர்ஸின் தலைமைப்பீடம், தன் பிரிவுகள் எவையும் இனிப் பந்தயங்களில் ஈடுபடலாகாது என்று கட்டளையிட்டது. நடுத்தர அளவான வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு, அஃதாவது ஏறத்தாழ 5.4 லீற்றருக்கு, மேற்பட்ட இயந்திரம் பொருத்தலாகாது என்றும் ஒரு விதி இருந்தது.

பொன்ரியாக்கின் பிரதம பொறியியலாளராக அப்போது இருந்தவர் ஜோன் டிலோரியன். அவருடன் பணியாற்றிய பில் கொலின்ஸ், ரசல் ஜீ என்னும் பொறியியலாளர் இருவரும் ஓர் எளிய உண்மையைக் கண்டனர். நடுத்தர வண்டியாகிய ரெம்பெஸ்ற்றில் அனுமதிக்கப்பட்டிருந்த 326 கன அங்குல இயந்திரமும், பெரிய வண்டிகளுக்குரிய 389 கன அங்குல இயந்திரமும் வெளித்தோற்றத்தில் ஒரே பருமனுடையவை. ஆகவே சிறியதைக் கழற்றிப் பெரியதை வைக்க வண்டியின் சட்டகத்தை மாற்றவேண்டிய தேவையில்லை. சிக்கல் தலைமைப்பீடத்து விதி மட்டுமே.

அவ்விதிக்கும் ஒரு வாசல் இருந்தது. புதிய வண்டியொன்றை வெளியிடுவதற்குத் தலைமைப்பீடத்தின் ஒப்புதல் வேண்டும். இருக்கின்ற வண்டிக்கு மேலதிக உறுப்புகளைச் சேர்த்து விற்பதற்கோ அத்தகைய ஒப்புதல் வேண்டியதில்லை. எனவே அவர்கள் புதிய வண்டி எதனையும் வெளியிடவில்லை. ரெம்பெஸ்ற் வரிசையில் லெ மான்ஸ் என்னும் வண்டியை வாங்குவோர், விரும்பினால் ஏறத்தாழ 296 டொலர் மேலதிகமாகச் செலுத்திப் பெற்றுக்கொள்ளக்கூடிய ஒரு சேர்ப்பாகவே ஜீ.ரீ.ஓ. பிறந்தது. பிரிவின் தலைவராயிருந்த எலியட் எஸ்ரெஸ் இதற்கு உடன்பட்டார். மேலிடத்தார் அறிந்துகொள்வதற்குள் முகவர்களிடமிருந்து கட்டளைகள் வந்து குவிந்துவிட்டன. சுற்றறிக்கைகளோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய என்னைப் போன்றோருக்கு இவ்விடத்தில் ஒரு புன்முறுவல் தோன்றுவது இயல்பே. விதியின் சொல்லை மீறாமல் அதன் கருத்தை மீறுவது எல்லா நாட்டு அலுவலகங்களுக்கும் பொதுவான ஒரு கலை.

பெயர் மட்டும் கடன் வாங்கியது. இத்தாலிய மொழியிலே 'கிரான் ரூரிஸ்மோ ஒமொலொகாற்றோ' என்றால், பந்தயத்துக்கு ஏற்றதென முறைப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட நெடும்பயண வண்டி என்பது பொருள். பெராரி கம்பனி 1962இல் வெளியிட்ட தன் பந்தய வண்டிக்கு அதன் முதலெழுத்துகளைச் சூட்டியிருந்தது. பொன்ரியாக்கின் வண்டியோ எந்தப் பந்தயத்துக்கும் ஒப்புக்கொள்ளப்பட்டதன்று. கம்பனியே பந்தயத்தைத் தடைசெய்திருந்ததல்லவா! பெராரியை நேசித்தவர்கள் இதனைத் துணிகரமான திருட்டென்றே கண்டித்தனர். 1964 மார்ச்சில் 'கார் அன்ட் டிரைவர்' சஞ்சிகை இரண்டு ஜீ.ரீ.ஓ.க்களையும் ஒப்பிட்டு எழுதியபோது வண்டியின் புகழ் நாடெங்கும் பரவியது. அந்தச் சோதனைக்கு அனுப்பப்பட்ட பொன்ரியாக்கினுள் 389 கன அங்குல இயந்திரத்துக்குப் பதிலாக 421 கன அங்குல இயந்திரம் ஒளித்து வைக்கப்பட்டிருந்ததை, விளம்பரத்துக்குப் பொறுப்பாயிருந்த ஜிம் வாங்கர்ஸ் பல்லாண்டுகள் கழிந்தபின் தாமே வெளிப்படுத்தினார்.

இத்தகைய வண்டிகளை அமெரிக்கர் 'மசில் கார்' என்று அழைக்கலாயினர். தசைமுறுக்குடைய வண்டி என்று நாம் தமிழில் கூறலாம். சாதாரண குடும்ப வண்டியின் உடலில் பெரிய வண்டியின் இயந்திரத்தை ஏற்றி, சாதாரண மனிதன் வாங்கக்கூடிய விலைக்கு விற்பதே அதன் இலக்கணம். 1949இன் ஓல்ட்ஸ்மொபைலோ 1955இன் கிறைஸ்லரோ இவ்வகையில் முந்தியது என்று வாதிடுவோரும் உளர். அவ்வழக்கு எளிதில் தீர்வதன்று. ஆயினும் மற்றக் கம்பனிகள் பார்த்துப் பின்பற்றிய வண்டி ஜீ.ரீ.ஓ. என்பதில் ஐயமில்லை.

அதன் வெற்றிக்கு இயந்திரத்தைக் காட்டிலும் காலமே பெரிய காரணம் என்று நான் கருதுகின்றேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் வீடு திரும்பியபின், 1946ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் ஏறத்தாழ 34 இலட்சம் குழந்தைகள் பிறந்தன. அவர்கள் பதினெட்டு வயதை எய்திய ஆண்டு 1964. அவர்களது கையில் தொழிற்சாலைக் கூலியும், தவணைமுறைக் கடனும், மலிவான பெற்றோலும் இருந்தன. டெற்றோயிற்றிலிருந்து பொன்ரியாக் நகருக்குச் செல்லும் வுட்வேட் நெடுஞ்சாலையில் இரவு வேளைகளில் ஒரு சமிக்ஞை விளக்கிலிருந்து மறு விளக்குவரை அவர்கள் வண்டிகளைப் போட்டிக்கு ஓட்டினார்கள். அதே நெடுஞ்சாலையை அண்டியே அவ்வண்டிகளை வரைந்த பொறியியலாளரும் வாழ்ந்தார்கள். வானொலிக்கும் இதிலே பங்குண்டு. ஜீ.ரீ.ஓ.வின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடலொன்று 1964இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. பணம் கொடாமல் பெற்ற விளம்பரம் அது.

முதலாண்டில் 5,000 வண்டிகளுக்கு மேல் விற்பனையாகாது என்று விற்பனைப் பகுதியினர் எண்ணியிருந்தனர். விற்றவை 32,450. மறு ஆண்டில் 75,352. தனி வண்டியாகவே அங்கீகாரம் பெற்ற 1966ஆம் ஆண்டில் 96,946. அதுவே உச்சம்.

இறக்கம் பல திசைகளிலிருந்து வந்தது. மோட்டார் வண்டிகளின் ஆபத்தைக் குறித்து றல்ப் நேடர் எழுதிய நூல் 1965இல் வெளியாயிற்று. 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. இளைஞர்கள் பெருவலு வண்டிகளை ஓட்டி விபத்துக்குள்ளாவதைக் கண்ட காப்புறுதிக் கம்பனிகள் கட்டணத்தை உயர்த்தின. சில இளைஞருக்கு வண்டியின் மாதத் தவணையோடு காப்புறுதிக் கட்டணமும் போட்டியிட்டது. இதற்கிடையில் அதே தலைமுறையினர் வியட்நாம் போருக்குக் கட்டாய அழைப்புப் பெற்றுக்கொண்டிருந்தனர். 1970இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஈயம் குறைந்த பெற்றோலுக்கு ஏற்பத் தன் இயந்திரங்களின் அமுக்க விகிதத்தை ஜெனரல் மோட்டர்ஸ் 1971ஆம் ஆண்டு வண்டிகளிலேயே குறைத்துவிட்டது. 1973 ஒக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை எஞ்சியதையும் முடித்து வைத்தது. 1974இன் ஜீ.ரீ.ஓ., வென்ரூரா என்னும் சிறு வண்டிக்குச் சேர்க்கப்பட்ட ஒரு சேர்ப்பாக இருந்தது. அவ்வாண்டில் விற்றவை 7,058. சேர்ப்பாகப் பிறந்தது சேர்ப்பாகவே இறந்தது.

இனி மறுவாழ்வுக்கு வருவோம்.

2001இல் ஜெனரல் மோட்டர்ஸின் உபதலைவராக வந்த பொப் லுற்ஸ், அக்கம்பனியின் அவுஸ்திரேலியக் கிளையாகிய ஹோல்டன் செய்த மொனாறோ என்னும் இருகதவு வண்டியைக் கண்டு விரும்பினார். அதனை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து ஜீ.ரீ.ஓ. என்னும் பெயரில் விற்பதென முடிவாயிற்று. தென் அவுஸ்திரேலியாவில் அடிலெயிட் நகருக்கு அருகேயுள்ள எலிசபெத் என்னும் ஊரில் அது தயாராகி, கப்பலேறிப் பசிபிக்கைக் கடந்து வந்தது. நம் நாட்டைப் போலவே அவுஸ்திரேலியாவிலும் சுக்கான் வலப்புறத்தில் இருப்பதால் அதை இடப்புறத்துக்கு மாற்றினார்கள். மோதற் பாதுகாப்பு விதிகளுக்காகப் பெற்றோல் தாங்கியை இடம்மாற்றியதில், பின்புறம் பொதி வைக்கும் இடம் சுருங்கிப்போயிற்று.

2004இன் வண்டி 350 குதிரைவலு உடையது. 2005இல் அது 400 ஆயிற்று. 1964இன் வண்டிக்கு 325, மூன்று காபரேற்றர்கள் பொருத்தியதற்கு 348 என்று அறிவித்திருந்தனர். இவ்விலக்கங்களை அப்படியே ஒப்பிடுதல் பொருந்தாது. 1971 வரை அமெரிக்கக் கம்பனிகள் துணைக் கருவிகளும் முழுமையான புகைக்குழாயும் பூட்டாத இயந்திரத்தைத் தனியே இயக்கி அளந்தன. பின்னரே வண்டியில் உள்ளவாறு அளக்கும் வழக்கம் வந்தது. ஆகையால் உண்மை வேறுபாடு எண்கள் காட்டுவதைவிடப் பெரியது. புதிய ஜீ.ரீ.ஓ. பழையதினும் விரைவானது, வளைவில் உறுதியாகத் திரும்பியது, தடுப்பு மிதித்தால் நின்றது. பழையவற்றை ஓட்டியவர்கள் இந்தக் கடைசிச் சிறப்பின் அருமையை அறிவர்.

இருந்தும் அது எதிர்பார்த்தவாறு விலைபோகவில்லை. ஆண்டுக்கு 18,000 விற்கலாமென்று திட்டமிட்டிருந்தனர். மூன்று ஆண்டு வண்டிகளும் சேர்ந்து ஏறத்தாழ 40,800 மட்டுமே செய்யப்பட்டன. அவுஸ்திரேலிய டொலரின் மதிப்பு உயர்ந்தது விலையைப் பாதித்தது என்பர். அதிலும் பெரிய குறை ஒன்றுண்டு. பழைய ஜீ.ரீ.ஓ.வின் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முன்விளக்குகளையும், பொனற்றின் மேலிருந்த காற்றுவாய்களையும் நினைவிற் கொண்டு முகவரிடம் சென்ற நடுவயதினர், அங்கே மழமழவென்று உருண்ட, எவருடைய நினைவையும் தொடாத ஒரு வண்டியைக் கண்டனர். பொனற்றில் காற்றுவாய்கள் மறு ஆண்டில் அவசரமாகச் சேர்க்கப்பட்டன. அதே வேளையில் போர்ட் கம்பனி தன் 2005 மஸ்டாங்கை 1960களின் மஸ்டாங்கின் சாயலிலேயே வரைந்து வெளியிட்டது. அது ஓராண்டில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் விற்றது. பொன்ரியாக்கினர் பெயரையும் வலிமையையும் மீட்டுத் தந்தனர். மக்கள் தேடி வந்தது தம் இளமையில் கண்ட முகத்தை. ஒரு நல்ல வண்டிக்கு அந்தப் பெயரே சுமையாயிற்று என்பது என் கணிப்பு. மொனாறோ என்னும் சொந்தப் பெயருடன் வந்திருந்தால் அதனை அதன் தகுதிக்காக மட்டும் மதித்திருப்பார்கள்.

2006 ஜூனில் கடைசி ஜீ.ரீ.ஓ. எலிசபெத் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. 2009 ஏப்பிரலில் பொன்ரியாக் பிரிவையே மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. ஜூன் முதலாந் திகதி ஜெனரல் மோட்டர்ஸ் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதே ஆண்டில் பொன்ரியாக் நகரின் நிதி நிர்வாகம், மிச்சிகன் மாநிலம் நியமித்த அவசரகால அதிகாரி ஒருவரின் கைக்குச் சென்றது. வண்டியின் பெயர் போனதற்கு இரங்கியவர்களிற் பலர் அந்த ஊரின் கதியைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எலிசபெத் தொழிற்சாலை 2017 ஒக்டோபர் 20ஆந் திகதி மூடப்பட்டது. அத்துடன் அவுஸ்திரேலியாவில் கார் தயாரிப்புத் தொழிலே முடிவுற்றது.

கம்பனிக்கு இயலாத மீட்பை இன்று தனிமனிதர் செய்துவருகின்றனர். வுட்வேட் நெடுஞ்சாலையில் 1995 முதல் ஆகஸ்ட் தோறும் நடைபெறும் பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கு, துருப்பிடித்துக் கிடந்து மீட்கப்பட்ட ஜீ.ரீ.ஓ.க்கள் வருகின்றன. அவற்றின் விலையும் உயர்ந்துவிட்டது. விலை உயர்ந்த இடத்தில் போலியும் நுழையுமல்லவா! 1964, 1965 ஆகிய ஈராண்டு வண்டிகளிலும் பொறிக்கப்பட்ட இலக்கத்தைக் கொண்டு, அது ஜீ.ரீ.ஓ.வா, சாதாரண லெ மான்ஸா என்று அறிய இயலாது. அக்காலத்தில் அது வண்டியன்று, சேர்ப்பே. தனி இலக்கம் கிடைத்தது 1966இல். இதனால் லெ மான்ஸ் வண்டிக்கு மூன்று எழுத்துகளைப் பொருத்தி ஏமாற்றுவோர் தோன்றினர். விவரமறிந்தவர்கள், வண்டியின் மினுக்கத்தைப் பாராட்டுவதற்கு முன், கம்பனியின் பழைய பதிவேட்டுப் பிரதியை வரவழைத்துப் பார்க்கின்றார்கள். வண்டி எந்த முகவருக்கு அனுப்பப்பட்டது, என்னென்ன உறுப்புகளுடன் சென்றது என்பன அதிலே உள்ளன. தலைமைப்பீடத்தின் கண்ணில் படாதிருக்க அன்று சேர்ப்பென்று எழுதிய அந்த ஒரு வரி இருக்கின்றதா என்றுதான் அவர்கள் முதலிலே தேடுகின்றார்கள்.